கடல் விட்டால் வருவன்

இந்த நாட்டில் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. லண்டனில் நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் வயதான பெண்மணி ஒருவர், வருகிற ஆகஸ்டில் தன்னால் ஸ்பெயினுக்குப் போக முடியும் என்கிறார். முழங்கால் மட்டும் நன்றாக இருந்தால் இப்போதும் நடனமாட முடியும் என்று அதே மூச்சில் சொல்கிறார். நடக்கப்போவதும் நடக்கவே போகாததும் அவர் வாயில் ஒரே குரலில் வருகின்றன. எனக்குத்தான் பயமாக இருக்கும்.

நான் நெடுந்தீவுக்காரி. எங்களூரில் நாளைக்கு வருவேன் என்று யாரும் வெறுமனே சொல்வதில்லை. "கடல் விட்டால் வருவன்" என்பார்கள். கலியாணத்துக்குச் சொல்லப் போனாலும் அதுதான் பதில். யாரும் கோபிப்பதில்லை. சோளகக் காற்று எழும்பினால் படகு ஓடாது. அதை மறந்து வாக்குக் கொடுப்பவன் கடலோடு கொழுவி, சண்டைக்குப் போகிறான் என்று அர்த்தம். என் கணவர் வேலணை, தரைவழியே பஸ் ஓடுகிற ஊர். அவருக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

சென்ற மாசியில் ஓர் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலைக்கு நேர்முகம் வந்தது. அந்தச் சம்பளம் வந்தால்தான் இன்னோர் அறை எடுக்கலாம். அறை இருந்தால்தான் ஊரில் அக்காவிடம் விட்டுவந்த எங்கள் ஐந்து வயது மகள் வதனியை அழைத்து வரலாம். பொறுப்பாக இருந்த மிஸஸ் கார்ட்டர், தினமும் விடியற்காலை வர முடியுமா என்று நல்ல முகத்தோடுதான் கேட்டார். வெதர் நன்றாக இருந்தால் வருவேன் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். மழை வந்தால் வரமாட்டீர்களா என்றார். கடவுள் சித்தமிருந்தால், உடம்பு இடம் கொடுத்தால் என்று நான் இன்னும் இரண்டு "இஃப்" சேர்த்தேன். மரியாதையாகப் பேசுவதாகத்தான் என் நினைப்பு. அவர் பேனையை மூடிவிட்டார்.

வெளியே காத்திருந்த கணவருக்கு வந்ததே கோபம்!

"ஓம் எண்டு சொல்ல உமக்கு என்ன? இஞ்சை எங்கையப்பா கடல்? பிள்ளையை நினைச்சுப் பாரும்."

பிள்ளையை நினைத்தேன். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். "யெஸ், ஐ வில் பீ ஏபிள்" என்றேன். மிஸஸ் கார்ட்டர் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை.

போன மாதம் யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் எடுத்தோம். அதற்காக அக்கா, வதனியைப் படகிலும் பஸ்ஸிலும் ஏற்றிப் பட்டணத்துக்குக் கூட்டி வந்திருந்தார்.

"அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போக எப்ப வருவியள்?"

பழக்கதோஷம். "கடல் விட்டால் வருவன், குஞ்சு."

"இண்டைக்குக் கடல் நல்லாத்தானே இருந்தது? நாங்கள் வந்திட்டம். நீங்கள் ஏன் வரேல்லை?"

பக்கத்தில் நின்ற கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வருவன்" என்றேன். "கட்டாயம் வருவன்."

தமிழில் அப்படி நான் யாருக்கும் சொன்னதில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும்.

அன்றிலிருந்து பின்னேரப் படகுக்குப் பிள்ளை துறையடியில் போய் நிற்கிறாள் என்று அக்கா எழுதியிருக்கிறார். இப்போது சோளகம். படகு வராத நாளிலும் நிற்கிறாளாம். கூப்பிட்டால், "அம்மா கட்டாயம் எண்டவ" என்கிறாளாம்.

இங்கே நான் ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்துவிடுகிறேன்.