குல்சீராவின் இரண்டு படங்கள்

என் ஓரகத்தி குல்சீரா வோட்காவை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊரான தராஸில் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவளைக் குடிகாரி என்றார்கள். அந்தப் பேரை வைத்தவள் எங்கள் நாத்தனார் ராபிகா.

ராபிகா மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தாள். குழாய் வைத்த டீப் பாத்திரமான சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றுவது வீட்டின் இளைய மருமகள், அதாவது குல்சீரா. விருந்தாளிக்கு நாங்கள் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவோம். திரும்பத் திரும்ப நீட்டட்டும், பேச்சு வளரட்டும் என்றுதான். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அன்றைக்கு குல்சீராவின் முகம் திடீரென்று தக்காளியாய்ச் சிவந்தது. தலை சுற்றி, கை நடுங்கி, மாப்பிள்ளை அம்மாவின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டாள். அந்த அம்மாள் எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். சம்பந்தமும் போனது.

"மூஞ்சியப் பாருங்க, எப்படி செவந்து கெடக்குன்னு! பட்டப்பகல்ல ஊத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. இனி இவ சமோவாரத் தொடக்கூடாது" என்று கத்தினாள் ராபிகா.

நானும் ஒன்றும் யோக்கியமில்லை. ஒருநாள் சேர்ந்து பாத்திரம் கழுவும்போது குல்சீராவின் வாய்ப்பக்கம் குனிந்து மோந்து பார்த்தேன். வெங்காய வாடைதான் வந்தது.

"நீங்களுமாக்கா?" என்றாள்.

நாலு வருஷம் இப்படியே போனது. சிவப்பு ஒரு பக்கம், ஒரு நாளைக்கு ஆறு தடவை வயிற்றுப்போக்கு ஒரு பக்கம். தூரம் நிற்கிற வயசு என்றார் டாக்டர். நாற்பத்தொரு வயசில்! பிறகு வயிற்றை ஸ்கேன் செய்ததில் ஈரலில் புள்ளிகள் தெரிந்தன. அல்மாட்டிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கதிர் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டுப் படம் எடுத்தார்கள். எங்கேயும் ஒளிரவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை ராபிகா என் கொழுந்தனிடமிருந்து வாங்கி, கல்யாண வீடு கல்யாண வீடாகக் காட்டினாள். "அல்மாட்டி மெஷினே சொல்லிடுச்சு. இவளுக்கு ஒரு சீக்கும் இல்ல. பாட்டில்தான் சீக்கு!"

குல்சீரா அழவில்லை. "நான் செத்தாக்கூட, குடிச்சே செத்தான்னுதான் சொல்லுவா. அதுக்காகவாவது இது என்னன்னு கண்டுபிடிக்கணும்க்கா" என்றாள்.

இரண்டு மாசம் கழித்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொக்ஜான் என்ற டாக்டரம்மா, எங்கள் மகள் வயசு இருக்கும். பழைய படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சர்க்கரப் படம் பசியெடுத்து அலையற கட்டியத்தான் காட்டும். உங்களுக்கு இருக்கிறது மெதுவா வளர்ற ஜாதின்னு நெனக்கிறேன். அது சர்க்கரய அவ்வளவா சீண்டாது. ஆனா ரத்தத்துல கண்டதயும் சுரந்து விடும். மொகம் செவக்கறது அதனாலதான்."

"அப்ப அத எப்படிப் புடிக்கிறது?" என்றேன்.

"அது மேல கொக்கி மாதிரி இருக்கும். அதுல போய் மாட்டிக்கிற மருந்துல காலியம்னு ஒரு கதிர்ப் பொருளச் சேத்து ஏத்துவோம். முன்னாடி இதே வேலைக்கு வேற மருந்து இருந்துச்சு. ரெண்டு நாள் வரணும், படமும் மங்கல், சின்னக் கட்டி தப்பிச்சிரும். இது ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

முடிந்தது. படத்தில் ஈரலில் ஏழு, சிறுகுடலில் ஒன்று, கொள்ளிக்கட்டை மாதிரி எரிந்தன. குல்சீரா சிரித்தாள்.

"இருக்குக்கா! இருக்கு!"

டாக்டரம்மா பயந்து என்னைப் பார்த்தாள். "ரெண்டு படத்தையும் பெருசா அடிச்சுக் குடும்மா" என்றாள் குல்சீரா.

குடல் கட்டியை வெட்டி எடுத்தார்கள். ஈரலுக்கு மாசம் ஒரு ஊசி. முழுசாகப் போகாது, அடங்கியிருக்கும் என்றார்கள். முகம் சிவப்பது நின்றது.

வசந்தத்தில் என் வீட்டுக்காரருக்கு அறுபதாம் வயசு விருந்து. ராபிகா வாசலுக்கு எதிரே பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். குல்சீரா யாரையும் கேட்காமல் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு படங்களையும் ஒட்டினாள்.

"இது நீங்க ஊருக்கெல்லாம் காட்டினீங்களே அண்ணி, அந்தச் சர்க்கரப் படம். இது காலியம். ஒரே ஈரல், ரெண்டே மாசந்தான் இடைவெளி. நல்லாப் பாத்துக்குங்க."

சொந்தக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"நான் என்ன டாக்டரா? எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றாள் ராபிகா.

"ஆமா அண்ணி, பாவம் நீங்க. டீ குடிங்க."

குல்சீரா சமோவார் முன்னால் போய் உட்கார்ந்தாள். ராபிகாவின் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதி வந்தது, நிறுத்தவில்லை. விளிம்பு வந்தபிறகுதான் குழாயை மூடினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள். நாற்பது பேரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார்கள்.

"இன்னும் கை நடுங்குதாடி உனக்கு?" என்றாள் ராபிகா.

"இல்லண்ணி. இன்னிக்கு நடுங்கல."

ராபிகாவின் கோட்டை நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். பொத்தான்கூடப் போட்டுவிட்டேன்.