மூன்றாவது கட்டிலுக்கு மேலே

இலட்சுமிப்பிள்ளைக்குச் சுவரை நக்கிப் பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், அனலைதீவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மசக்கையில் தொட்டது விடவில்லை என்பார்கள். புருசன் செத்த துக்கத்தில் மூளை கொஞ்சம் பிசகிவிட்டது என்பார்கள். இரண்டும் வீண் கதை. அவள் நக்கிப் பார்த்த சுவர் ஒன்றே ஒன்றுதான், அது தீவின் பிரசவ விடுதிச் சுவர். அது எழும்பியபோது அதற்கு வேண்டிய தண்ணீரில் பாதியைத் தன் இடுப்பில் சுமந்து கொடுத்தவளும் அவள்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் அவளுடைய தமக்கை இராசேஸ்வரி வள்ளத்தில் செத்துப்போனாள். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தப்புவாள் என்றார்கள். வாடைக்காற்று வள்ளத்தை முன்னே போகவும் விடவில்லை, திரும்பவும் விடவில்லை. தமக்கையின் தலை இலட்சுமிப்பிள்ளையின் மடியில் கிடந்தது. கரை சேர்ந்தபோது தாயுமில்லை, பிள்ளையுமில்லை. அந்தத் தீவில் அப்படிச் செத்தவள் இராசேஸ்வரி மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு ஒரு பெயர் இருந்தது.

ஆகவே இரண்டு வருடம் கழித்துத் தீவுக்கு ஒரு பிரசவ விடுதி வரப்போகிறது என்றதும் கோயில் கொடியேற்றம் போல ஊர் துள்ளியது. மூன்று கட்டில் போடக்கூடிய ஒரு அறை, முன்னால் ஓடு போட்ட விறாந்தை, அறைக்கு மேலே கொங்கிறீற் கூரை. தீவில் அதுவரை எவரும் கொங்கிறீற் கூரையின் கீழ் படுத்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வல்லிபுரம் என்ற கட்டடக் கொந்திராத்துக்காரர் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை, எதற்கும் ஒரு பகிடி. இலட்சுமிப்பிள்ளைக்கு அப்போது புருசன் போய் மூன்று மாதம். கமக்காரக் குடும்பம் என்று பெயர்தான், கமம் செய்யக் காணி கிடையாது. கைக்குழந்தை சறோஜினிதேவியைப் பூவரச நிழலில் கிடத்திவிட்டுத் தண்ணீர் சுமக்கும் வேலைக்குப் போனாள்.

நல்ல தண்ணீர்க் கிணறு முக்கால் மைல் தூரம். கட்டடத்தின் பின்னாலேயே ஒரு கிணறு இருந்தது, உவர்க் கிணறு. ஆடுகூட அதில் வாய் வைக்காது. முதல் நாள் அவள் நல்ல கிணற்றிலிருந்து சுமந்து வந்ததைக் கண்டு வல்லிபுரம் சிரித்தார்.

"என்ன பிள்ளை, சுவர் தேத்தண்ணியோ குடிக்கப்போகுது? பின்னுக்குக் கிடக்கிற கிணத்தில அள்ளும். மாரிக்கு முதல் கூரை போட வேணும்."

மாரிக்கு முன் கூரை வேண்டும் என்பதில் அவளைவிட அவசரம் யாருக்கு இருந்தது? அவள் உவர்த் தண்ணீரை அள்ளினாள். மணலும் கடற்கரையிலிருந்து கழுவாமல் கொள்ளாமல் அப்படியே வந்தது. கம்பிக்கு மேலே சாந்து விழுந்தது, சாந்துக்கு மேலே அவள் ஊற்றிய தண்ணீர் விழுந்தது. மூன்று கிழமை காலையும் மாலையும் ஏணியில் ஏறி ஏறி அந்தக் கூரையை அவள்தான் நனைத்தாள். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல அத்தனை ஆசையாக நனைத்தாள்.

விடுதி திறந்தது. கஞ்சி காய்ச்சவும், கட்டில் விரிக்கவும், பூட்டுத் திறப்பு வைத்திருக்கவும் அவளையே வைத்துக்கொண்டார்கள். பிறகு நாரந்தனையிலிருந்து மேரிஜோசப்பின் என்ற மருத்துவமாது வந்தாள். ஊர் அவளை மிஸி என்றது. கமக்காரப் பெண்ணும் கடற்கரைப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து ஒரே குரலில் அம்மா என்று கத்திய இடம் அந்தத் தீவில் அது ஒன்றுதான். கோயிலும் தேவாலயமும் செய்யாததை மூன்று இரும்புக் கட்டில்கள் செய்தன. பதினைந்து வருடத்தில் பிரசவத்துக்காக வள்ளம் ஏறியவர்களை விரல் மடக்கி எண்ணிவிடலாம்.

எழுபத்துநாலில் முதற் கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு கறை வந்தது. தேத்தண்ணி சிந்தியது போலச் சிறிய கறை. அடுத்த மாரிக்குள் அது கதிரை அகலம் ஆயிற்று. சுவரில் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்தது. இலட்சுமிப்பிள்ளை அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு நேராகச் சுவரிலேயே நாக்கை வைத்தாள். தீவுப் பெண்ணுக்கு நாக்குத்தான் அளவுகோல், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அது அந்தக் கிணறு, தான் அள்ளிய கிணறு. உவர் இரும்பை என்ன செய்யும் என்று கடலோரத்தில் பிறந்தவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அவள் கறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். முதற் கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். மிஸி ஏன் என்று கேட்டாள்.

"மேல பாருங்கோ மிஸி. உள்ளுக்குக் கம்பி துருப்பிடிச்சு ஊதுது. நான் ஊத்தின தண்ணிதான்."

மிஸி போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "சொன்னால் பூட்டிப்போடுவாங்கள்" என்றாள். "பூட்டினால் பிறகு எப்ப திறப்பாங்களோ ஆருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து அது இரண்டு பேரின் இரகசியம். வருடா வருடம் கறை நகர்ந்தது, கட்டிலும் நகர்ந்தது. எழுபத்தொன்பதில் மூன்றாவது கட்டில் கிடந்த மூலை மட்டும்தான் மேலே வெள்ளையாக இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் மார்க்கண்டு என்ற எஞ்சினியர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு தீவுகளில் கட்டிய பொதுக் கட்டடங்களை எல்லாம் மதிப்பிடப் போகிறார்களாம். தாளில் இரண்டு பகுதி, கட்டடத்தின் தரம் ஒன்று, மக்களுக்கு அதனால் உண்டான பயன் மற்றது. மார்க்கண்டு மோசமான மனிதரல்ல. வந்ததும் இளநீர் கேட்காத அதிகாரி அவர் ஒருவர்தான். பயனைப் பற்றி மிஸி பிறப்புக் கொப்பியை விரித்துக் காட்டினாள். எண்ணூற்றுப் பதினேழு பிள்ளைகள். அவர் ஒரு தாள் முழுக்க எழுதினார். பிறகு பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து, கதிரையில் ஏறி, கூரையைத் தட்டத் தொடங்கினார்.

முந்தின நாள்தான் இலட்சுமிப்பிள்ளை இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். சுண்ணாம்பு கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. கூரை வெறும் பானையைத் தட்டினது போலச் சத்தமிட்டது. எஞ்சினியர் இறங்கினார்.

"கூரை ஒழுகுறதோ அம்மா?"

"இல்லை ஐயா."

"சாந்து ஏதும் கொட்டுண்டதோ?"

"ஒரு நாளும் இல்லை."

அவர் பேனையை மூடிக்கொண்டார். "அம்மா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். முதலாம் பகுதியில குறைச்சுப் போட்டால் இதைப் பூட்டிப்போடுவினம். ரண்டாம் பகுதியில நான் என்ன எழுதினாலும் வாசிக்க மாட்டினம். அதால கேக்கிறன். உங்களுக்கு மகள் இருக்கிறாவோ?"

"இருக்கிறா. எட்டு மாசம்."

"அவவை இதுக்குள்ள படுக்க வைப்பீங்களோ?"

மிஸி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் ஐயா. வாற மாசம் இஞ்சதான் படுப்பா" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"அப்ப சரி" என்று சொல்லி அவர் எழுதினார். அவர் நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

எஞ்சினியர் கேட்டதும் அவள் சொன்னதும் பொழுதுபடுவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டன. இனி சறோஜினிதேவியை வேறெங்கும் கொண்டுபோக ஏலாது. அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் விடுதியின் கதை அன்றோடு முடியும். கார்த்திகை மூன்றாம் கிழமை, காலை பத்து மணிக்கு, மகளை மூன்றாவது கட்டிலில் கிடத்தினாள். மற்றவர்கள் எல்லோரும் சறோவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாய் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு மணித்தியாலம் அப்படியே நின்றாள். பேரன் பிறந்ததை அவள் காணவில்லை, அழுகுரல்தான் காதில் விழுந்தது. அந்த நேரம், இத்தனை வருடம் வெள்ளையாக இருந்த அந்த மூலையில், சுவரிலிருந்து யன்னல் வரை தலைமயிர் போல ஒரு கோடு ஓடியிருந்ததைக் கண்டாள். அதிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு சிட்டிகை தூள் பிள்ளையின் வயிற்றில் கொட்டியது. யாரும் காணமுன் கையால் துடைத்துவிட்டாள்.

அன்று மாலையே மிஸியிடம் போய், எழுதச் சொன்னாள். உவர்த் தண்ணீர், கடல் மணல், சுண்ணாம்புப் பூச்சு, தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். தன் மகள் பெற்று முடித்த பிறகுதான் இந்த உண்மை தன் வாயில் வந்தது என்ற வெட்கம் அவளை அரித்தது. இரண்டு கிழமையில் பதில் வந்தது. கட்டடம் ஐப்பசியில் மதிப்பிடப்பட்டுத் தரமானதென அறிக்கை இருக்கிறதாம். அடுத்த மதிப்பீடு ஐந்து வருடத்தின் பின்னராம். தன் பொய்யை இனித் தன்னாலேயே அழிக்க முடியாது என்று இலட்சுமிப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது.

மிஸியும் அவளும் யோசித்து ஒரு வழி கண்டார்கள். இனிப் பிரசவம் விறாந்தையில். அங்கே ஓட்டுக் கூரை, ஓடு நல்ல ஓடு. சுற்றிவரப் பாய் கட்டினாள், ஒரு கட்டிலையும் இழுத்துப் போட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் றோசம்மா வந்தாள். கடற்கரைப் பக்கத்து எமிலியானுஸின் பெண்சாதி, தலைப்பிள்ளை, நோ தொடங்கிவிட்டது. கூட வந்தவள் தாய் அல்போன்சம்மா. அவளும் நாலைந்து பிரசவம் பார்த்த கை. மிஸி முந்தின நாள் அலுவலாக ஊர்காவற்றுறைக்குப் போனவள். காற்றும் மழையும் மூர்க்கமாக அடித்ததால் வள்ளம் ஒன்றும் ஓடவில்லை.

"அக்கா, எனக்குச் சறோ படுத்த கட்டில்தான் வேணும்" என்றாள் றோசம்மா. "நாங்கள் யாழ்ப்பாணம் போகத்தான் இருந்தனாங்கள். நீங்கள் உங்கட மகளையே இஞ்ச வைச்சனீங்கள் எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான்."

"அது வேண்டாம் பிள்ளை. விறாந்தையில மறைப்புக் கட்டி வைச்சிருக்கிறன். அங்க படும்."

அல்போன்சம்மா நின்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"விறாந்தையிலயோ? உங்கட மகள் உள்ளுக்க, என்ர மகள் விறாந்தையிலயோ? உங்கட ஆக்களின்ர விறாந்தையில மீன் கடகத்தோட நிண்டு நிண்டு என்ர கால் தேஞ்சு போச்சுது. இது கவுண்மேந்துக் கட்டடம். இதுக்குள்ளயும் எங்களுக்கு விறாந்தைதானோ?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

"ஐயோ, அப்பிடி இல்லையம்மா. கூரை சரியில்லை. உள்ளுக்குக் கம்பி துருப்பிடிச்சு ஊதிப்போச்சு. சத்தியமாய்ச் சொல்லுறன்."

"ஐப்பசியில எஞ்சினியருக்கு நல்லதெண்டு சொன்ன வாய்தானே? உங்கட பிள்ளைக்கு நல்லா இருந்த கூரை எங்கட பிள்ளைக்குப் பழுதாப்போச்சுதோ? தள்ளி நில்லுங்கோ."

இலட்சுமிப்பிள்ளை வாசலை மறித்தாள். அல்போன்சம்மா அவள் கையைத் தட்டிவிட்டு மகளை உள்ளே நடத்திக்கொண்டு போனாள். றோசம்மா மூன்றாவது கட்டிலில் ஏறிப் படுத்து, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்று கத்தினாள். இனி அவளை எழுப்ப ஏலாது. கட்டிலை எங்கே இழுத்தாலும் மேலே அதே கூரைதான்.

இலட்சுமிப்பிள்ளை கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். அவள் ஓடிப்போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் உள்ளே போனாள். கட்டிலின் தலைமாட்டில் நின்று, இரண்டு கையையும் றோசம்மாவின் இரு பக்கமும் ஊன்றி, அவள் முகத்துக்கும் நெஞ்சுக்கும் மேலாகத் தன் முதுகை வளைத்துக்கொண்டாள். கால்மாட்டில் நின்ற அல்போன்சம்மாவுக்கு அது மன்னிப்புக் கேட்பது போலப் பட்டிருக்க வேண்டும், அவள் கோபம் தணிந்துபோனாள்.

"காணும் பிள்ளை, அங்கால போய் இருங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள்.

இலட்சுமிப்பிள்ளை அசையவில்லை.

வெளியே மழை இன்னும் வலுத்தது. றோசம்மா ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் நடுவே கண்ணைத் திறந்து, தனக்கு மேலே கவிந்திருந்த அந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஏனக்கா இப்பிடிக் குனிஞ்சு நிக்கிறியள்? நாரி நோகாதோ?"

இலட்சுமிப்பிள்ளையின் பிடரியில் மணல் போல ஏதோ கொட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கொட்டியது, இந்த முறை மணலோடு ஒரு கல்.

"நோகேல்லை" என்றாள் அவள். "நீ முக்கு பிள்ளை. கெதியா முக்கு."