என் படம் ஒட்டிய மஃபின்

1. வெளுத்த டிரே

தெங்கேராவில் ஒரு பழைய கடைவீட்டைக் கஃபேயாக மாற்றியிருந்தார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஓவனிலிருந்து எடுத்த முதல் டிரேயைப் பார்த்து முதலாளி குணசீலன் முகம் சுளித்தார். "என்னக்கா, வெள்ளையா இருக்கு? வேகலையா?" என்று கேட்டார்.

வெந்துதான் இருந்தது. சீனி போடாத மஃபின் அப்படித்தான் இருக்கும். மேல்தோலைச் சிவக்க வைப்பதில் சீனிக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லையென்றால் நிறம் வெளிறிப்போகும், தலையும் அவ்வளவாகக் குவிந்து எழாது. இதையெல்லாம் சொல்லி ஒன்றைப் பிட்டுக் கொடுத்தேன். தின்று பார்த்துவிட்டு, அன்றைக்கே மெனுவில் போடச் சொன்னார்.

என் பெயர் விமலா. சுங்கை ரம்பாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தேன். என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. காலையில் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாயைப் பார்த்தால் விடமாட்டார். அவருக்காகத்தான் இந்த மஃபினைச் சுட்டுப் பழகினேன். அவர் போன பிறகு வீட்டில் அதைத் தின்ன ஆளில்லை, அதனால் வேலைக்குக் கொண்டுபோனேன்.

இப்போது வீட்டிலிருந்தே பேக்கிங் தொழில் செய்ய நினைக்கும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் ரெசிப்பிதான் கேட்கிறார்கள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பெரிய இலை ஓட்ஸை இருபது நிமிடம் தயிரில் ஊறப்போட வேண்டும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கூடாது, பசையாகிவிடும். தோல் கறுத்த பிசாங் பெராங்கான் வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்து, ஆப்பிளைத் தோலோடு துருவிப் போடலாம். கொஞ்சம் கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், முட்டை, கொஞ்சம் எண்ணெய், பட்டைத்தூள். மாவைப் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் கிளறினால் மஃபின் ரப்பராகிவிடும். நூற்று எண்பது டிகிரியில் இருபத்திரண்டு நிமிடம். இவ்வளவுதான் வகுப்பில் சொல்கிறேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2. ஸ்டிக்கர்

மூன்று மாதத்தில் காலை பத்து மணிக்குள் மஃபின் தீர்ந்துவிடும் நிலை வந்தது. குணசீலன் ஒரு போட்டோகிராபரைக் கூட்டிவந்து, புது ஏப்ரன் மாட்டிவிட்டு என்னைப் படமெடுத்தார். அடுத்த வாரம் பெட்டி மேல் ஒட்டும் ஸ்டிக்கர் வந்தது. நடுவில் என் முகம், கீழே 'விமலா அக்கா வீட்டு ஓட்ஸ் மஃபின், சீனி சேர்க்காதது' என்று மூன்று மொழியில் எழுத்து. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவில்லை. கேன்டீனில் இருந்த அத்தனை வருடத்தில் சமைத்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஜொகூரில் இருக்கும் மகளுக்கு அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினேன்.

அந்த ஸ்டிக்கரைப் பார்த்து வந்தவர்தான் முனியாண்டி அண்ணன். கிளேபாங்கில் வீடு, பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பார்வதி அக்காவுக்கு இனிப்பு நீர். தினமும் காலை மோட்டார் சைக்கிளில் வந்து, அக்காவின் பசியாறலுக்கு இரண்டு மஃபின் கேட்பார். "அண்ணே, பழத்துலயும் இனிப்பு இருக்கு. ஒண்ணு போதும்" என்று நான் சொன்ன நாளிலிருந்து ஒன்றுதான் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து கிளினிக்கில் ரீடிங் இறங்கியிருப்பதாகச் சொல்லி, வீட்டு மரத்து ரம்புத்தானை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மருந்து கொடுத்த டாக்டரை விட்டுவிட்டு எனக்கு நன்றி சொன்னார்.

3. மூட்டை

வியாபாரம் வளர்ந்ததும் குணசீலன் ஒரு பேரங்காடியில் இரண்டாவது கடை திறந்தார். இரண்டு கடைக்கும் என் ஒருத்தி கை காணாது. இங்கே வெளுத்தும் அங்கே சிவந்தும் இருக்கக் கூடாது, ஒரே மாதிரி வர வேண்டும் என்றார். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனால் கிச்சன் சுவரோரம் பிரிமிக்ஸ் மூட்டைகள் அடுக்கியிருந்தன. தண்ணீரும் எண்ணெயும் முட்டையும் ஊற்றிக் கலக்கினால் மஃபின் மாவு தயார். மூட்டையின் பின்பக்கத்தில், அளவு அதிகமானது முதலில் வரும் பொருள் பட்டியலைப் படித்தேன். முதலில் கோதுமை மாவு, இரண்டாவது சீனி. ஓட்ஸும் காய்ந்த பழமும் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தன.

குணசீலனிடம் போய்ச் சொன்னேன்.

"ஓட்ஸ் இருக்கு, பழம் இருக்கு. பொய் ஒண்ணும் இல்லயே லா" என்றார்.

"சீனி சேர்க்காததுன்னு ஒட்டியிருக்கே, பாஸ்."

"நாம சேர்க்கலயே அக்கா. அது மூட்டையிலயே வந்தது."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிப் பேசுகிறவர் மாதிரி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வயதில் உங்களுக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கிச்சனுக்குத் திரும்பி மூட்டையைப் பிரித்தேன்.

அந்த மஃபின் நன்றாகச் சிவந்தது. தலை உருண்டையாக எழும்பியது. வாடிக்கையாளர்கள் இப்போதுதான் டேஸ்ட் பிடிபட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். பெட்டியில் என் முகம் அப்படியே இருந்தது.

4. கவுன்டரில் கேட்டது

முனியாண்டி அண்ணனிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கவுன்டருக்கும் கிச்சனுக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் குணசீலன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாள் வாய் வரவில்லை. ஒரு வாரம் போனதும், இப்போது சொன்னால் ஒரு வாரம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாரே என்ற பயம் சேர்ந்துகொண்டது. நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

இரண்டாவது மாதத்தில் அவர் பேச்சு மாறியது. கிளினிக்கில் ரீடிங் ஏறியிருந்ததாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் துருவித் துருவிக் கேட்டாராம். பழைய சாப்பாடுதான், ஒன்றும் மாறவில்லை என்று பார்வதி அக்கா சொன்னாராம். டாக்டர் நம்பவில்லை, மருந்தைக் கூட்டினார். அண்ணனும் நம்பவில்லை. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டிலிருந்த சீனி டின்னையும் பிஸ்கட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பக்கத்து வீடுகளுக்கும் போய், என் மனைவிக்குக் கூவே பலகாரம் எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவைத்தார். அக்கா வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அந்த ஜன்னல் வழியாக, தவணை தவணையாக, என்னிடம்தான் சொன்னார். ஒருநாள் கண் கலங்கி, "வாயக் கட்ட மாட்டேங்குறா தங்கச்சி. கேட்டா சாமி மேல சத்தியம் பண்றா. பொய் சத்தியம்" என்றார்.

அப்போதும் நான் முழுதாகச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் மஃபினை நிறுத்திவிட்டு வீட்டில் கேழ்வரகுத் தோசை சுட்டுக் கொடுங்களேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். சொந்தச் சரக்கை வாங்காதே என்று சொல்லும் ஆள் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். அவள் வாய்க்குள் போவதில் நான் நம்புவது இந்த ஒன்றைத்தான் என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். சொல்ல முயற்சி செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் ஓட்டினேன்.

5. கிளேபாங்

பிறகு பத்து நாள் அவர் வரவில்லை. வந்தபோது பெட்டி வாங்க வரவில்லை. பார்வதி அக்காவின் காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் போய், மருத்துவமனையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். மஃபின் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பல வருட நோய் அது. அது ஒரு காரணமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு குணசீலனிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். பெட்டியிலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அடித்த ஸ்டிக்கர் தீரட்டும் என்றார்.

அக்கா வீடு திரும்பிய மறுநாள் கிளேபாங்குக்குப் போனேன். அண்ணன் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தார். அக்கா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வாசலிலேயே அடையாளம் கண்டு, "பெட்டியில இருக்கிற விமலாதானே, உள்ள வாம்மா" என்றார்.

உட்காராமலேயே சொன்னேன். மூட்டை வந்தது, பின்பக்கம் படித்தது, ஜன்னல் வழியாக அண்ணன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. அழுதேன். அக்கா அழவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வெரலு போனது போகட்டும். நாப்பது வருசமா கூட வாழ்றேன், அந்த மனுசன் என்னைய நம்பல. உன் படத்த நம்புனாரு."

அவர் வரும்வரை இருந்து, இதே வார்த்தையை அவர் முன்னால் சொல்லிவிட்டுப் போ என்றார். இருந்தேன். அரை மணி நேரத்தில் அண்ணன் மீன் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தேத்தண்ணி கலக்கப் போனார். தடுத்து நிறுத்திச் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மனைவியின் பக்கம் திரும்பக்கூட அவரால் முடியவில்லை.

"எப்பருந்து தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார்.

"நாலு மாசமா, அண்ணே."

"நான் தெனமும் வந்தேனேம்மா" என்றார்.

வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பேக்கிங் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு, நான் கற்றதிலிருந்து சொல்வது இதுதான். உங்கள் கையை விட்டுப்போன சமையலுக்கு உங்கள் பெயரையும் படத்தையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா, உள்ளே இருப்பது மாறிய அன்றைக்கே, வாங்குகிறவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வேலை போகும். போகட்டும். என் வேலை எப்படியும் போனது. போவதற்கு முன் இன்னொரு பெண்ணைத் தன் வீட்டிலேயே மாதக்கணக்கில் பொய்க்காரியாக வாழவிட்டேன்.