லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி படித்த இங்கிலீஷ்

பல் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவளுக்கு இங்கிலீஷ் பேப்பரில் என்ன வேலை என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. கணவர் சிறைக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பராமரித்துவந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கம்பிவடம் அறுந்து, உள்ளே இருந்த காவலாளி இறந்துபோனார். மறுநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவரை, பாதி முகத்தில் நுரை இருக்கும்போதே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. “நான் எழுதிக் குடுத்தேன்டி. கம்பி தேஞ்சு போச்சு, ஓட்டாதீங்கன்னு எழுதியே குடுத்தேன்” என்று படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு தாள் தங்களுக்கு வரவே இல்லை என்று கட்டட நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அவர் எழுதும் நீல அட்டைப் புத்தகமும் போன இடம் தெரியவில்லை.

வழக்குக் காகிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. எல்லாம் இங்கிலீஷ். அவள் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டுவாள், அர்த்தம் தெரியாது. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலைப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்தாலும், “பாத்துக்கலாம்மா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆள் அடுத்த அறைக்குள் பாதி போயிருப்பார்.

பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காரும் பெண்தான் வழி சொன்னாள். “டிக்ஷனரியைத் தூக்கிப் போடுங்கக்கா. பேப்பர்ல கோர்ட் நியூஸ் படிங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு கதை தெரிஞ்சா வார்த்தை தானா மண்டையில ஒட்டிக்கும்.”

ஒட்டிக்கொண்டது. ஒரு மந்திரியைச் சிறைக்கு அனுப்பிய செய்தியில் ரிமாண்ட் பிடிபட்டது. விமான நிலையத்தில் தங்கத்தைப் பறிமுதல் செய்த செய்தியில் சீஸ்டு. ஓட்டல் ஒன்று தீப்பிடித்த செய்தியில் நெக்லிஜென்ஸ் வந்தது. அந்த வார்த்தை கணவரின் காகிதத்தில் நான்கு இடத்தில் இருந்தது. அது கவனக்குறைவு, அலட்சியம் என்று தெரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவர்.

பழைய அப்பாயின்ட்மென்ட் அட்டைகளின் பின்பக்கத்தில் வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டாள். எச்சில் தொட்டியைக் கழுவும்போது அவளுடைய வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே யாருக்கோ பல் பிடுங்குவார்கள், வெளியே இவள் “கஸ்டடி, கஸ்டடி” என்பாள். காத்திருக்கும் நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் பேப்பரில் ஒரு வாத்தியார் படம் வந்தது. பொய்க் கேசில் மாட்டியவர். கோர்ட் கேசை டிஸ்மிஸ் செய்துவிட்டது. வாசலில் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் படத்தைப் பார்த்து இவளும் அழுதாள். டிஸ்மிஸ்ட் என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கணவரின் பெயில் மனுவில் உத்தரவு வந்தது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். குமாஸ்தா ஒரு தாளை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் வராந்தாவில் நின்று விரலை ஓட்டிப் பார்த்தாள். கடைசி வரியில் இருந்தது, டிஸ்மிஸ்ட்.

அங்கிருந்தே மாமியாருக்கு போன் போட்டாள். “அத்தை, விட்டுட்டாங்க அத்தை!”

மறுநாள் காலை மாமியார் மகனுடைய சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். இவள் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, சிறை வாசலில் நாலு மணி வரை நின்றாள். கடைசியில் காவலர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“யாரும்மா சொன்னது விட்டுட்டாங்கன்னு?”

“டிஸ்மிஸ்னு போட்டிருக்கே சார்.”

“கேஸை டிஸ்மிஸ் பண்ணினா விடுதலை. இது பெயில் மனுவை டிஸ்மிஸ் பண்ணியிருக்கு. கேட்டதைத் தள்ளிட்டாங்க. ஆளு உள்ளதான் இருப்பாரு.”

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். மாமியார் சட்டையை வாங்கி மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தார். மகள், “நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவள் அட்டைகளை எல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டாள். பிழைக்கத் தெரியாதவளுக்கு இங்கிலீஷ் ஒரு கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் விஷயத்தைக் கேட்டதும் ரிசப்ஷன் பெண் கொதித்தாள். “தப்பு உங்க மேல இல்லக்கா. ஒரே வார்த்தைக்கு ரெண்டு மூஞ்சி வச்சான் பாருங்க, அவன் மேல. இனிமே வார்த்தையை மட்டும் பாக்காதீங்க. அது யாரைப் பத்தி, எதைப் பத்திப் பேசுதுன்னு பாருங்க.”

அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எக்ஸ்ரே அறையில் கழிந்தது. நாற்பத்தோரு பக்கக் குற்றப்பத்திரிகையை வரி வரியாகப் படித்தாள். சில நாள் அரைப் பக்கம்தான் நகரும். இருபத்தாறாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. சீஸ்டு என்று தலைப்பு. ஸ்பேனர், டார்ச் லைட், எண்ணெய் டப்பா. ஏழாவதாக, சர்வீஸ் புக் ஒன்று, நீல அட்டை.

அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி இன்னொரு முறை படித்தாள்.

அடுத்த நாள் கோர்ட் வராந்தாவில் வக்கீலின் முன்னால் போய் நின்றாள்.

“அப்புறம் பாக்கலாம்மா...”

“அப்புறம் இல்ல சார். இருபத்தாறாம் பக்கத்தைப் பாருங்க. அவரு புக்கை போலீஸே எடுத்து வச்சிருக்கு. அவரு எழுதினா ரெண்டு தாள்ல பதியும் சார். ஒண்ணைக் கிழிச்சு அவங்களுக்குக் குடுப்பாரு. இன்னொண்ணு கையெழுத்தோட புக்கிலேயே நிக்கும்.”

வக்கீல் நின்றார். படித்தார். “இதை நான் பாக்கலையே” என்றார், மெதுவாக.

அதற்கும் இரண்டு மாதம் இழுத்தது. சீல் வைத்த மூட்டையைப் பிரித்தபோது தாள் இருந்தது. கம்பிவடம் தேய்ந்துள்ளது, லிஃப்டை உடனே நிறுத்தவும். கீழே கட்டட மேனேஜரின் கையெழுத்து, விபத்துக்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. கணவருக்குப் பெயில் கிடைத்தது. மேனேஜரும் கட்டட முதலாளியும் குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். கணவரின் பெயர் இன்னும் நீங்கவில்லை. வெளியே வந்தவர் பாதி ஆளாக இருந்தார். யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அடுத்த வாய்தாவில், இறந்துபோன காவலாளியின் மனைவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்.

“உங்களுக்கு கோர்ட் இங்கிலீஷ் தெரியுமாமே. இதைப் பாருங்க. டிஸ்சார்ஜுன்னு போட்டிருக்காம். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்கே போகலையே, அங்கேயே போயிட்டாரே. அப்புறம் என்ன டிஸ்சார்ஜ்?”

இவள் தாளை வாங்கி, அவசரப்படாமல், மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தாள்.

“இது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் இல்லம்மா. கட்டட முதலாளியை கேஸ்ல இருந்து விடுவிச்சிட்டாங்க. அவருக்கு எதுவும் தெரியாதாம்.”

“அப்போ எங்க வீட்டுக்காரரு செத்ததுக்கு யாரு பதில் சொல்றது?”

“மேனேஜரு.” தாளின் ஓரத்தை நீவினாள். “அப்புறம், எங்க வீட்டுக்காரரு.”

காவலாளியின் மனைவி எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு, “இதை எதிர்த்துக் கேக்க முடியாதா?” என்றாள்.

“முடியும்னு பேப்பர்ல படிச்சிருக்கேன். ஆனா அதுக்கு நாள் கணக்கு இருக்கு.” தாளின் தேதியைப் பார்த்தாள். ஏற்கெனவே பல நாள் ஓடிவிட்டிருந்தது.

வாசலில் இவளுடைய வக்கீல் கிளம்புவதற்காக மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். இருவரும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினார்கள்.