இன்னும் கட்டப்படாத பாலம்

மில்சம் தெருவின் நட்டநடுவில் தெல்மா பாட்ஃபீல்ட் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ரொட்டி வண்டிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துச் சலித்துவிட்டான். இடது கையால் பாவாடையை ஒரு சாண் தூக்கிப் பிடித்தபடி, ஒரு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பின்னால் நகர்ந்து மறுபடி பார்த்தார். பிறகு வண்டிக்காரனிடமே போய்க் கேட்டார்.

"ஏன் கண்ணு, நான் இங்க நின்னு அழுதா அந்த ஜன்னல்ல இருக்கறவனுக்குத் தெரியுமா?"

அவன் எட்டிப் பார்த்தான். "சத்தம் போட்டு அழுவியா, கமுக்கமாவா?"

"கமுக்கமாத்தான். குடும்பத்துப் பொண்ணு."

"அப்ப தெரியாது. தள்ளிக்கோ, ரொட்டி ஆறுது."

எங்கள் பாத் நகரத்தில் தெல்மாவை எல்லோரும் முதன்முதலாக இப்படித்தான் சந்திக்கிறோம், வழியை மறித்து நிற்கிற ஒருவராக.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாத்விக்கில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறார். உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி, வெள்ளிக்கிழமை என்றால் மீன். மிச்ச நேரமெல்லாம் ரீஜன்சி காலத்து நாவல்கள் எழுதுகிறார். இங்கிலாந்து மன்னருக்குப் புத்தி பேதலித்துப்போய், மகன் அவருக்குப் பதிலாக நாடாண்டானே, இருநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கொஞ்ச காலம்தான் தெல்மாவின் சொந்த நாடு. இதுவரை ஐந்து நாவல்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு டியூக் பிரபு உண்டு, ஒரு மழை உண்டு. ஆனால் தெரு மட்டும் மெய்யாக இருந்தாக வேண்டும்.

"ஆளு பொய்யா இருக்கலாம். மேடு பொய்யா இருக்கக் கூடாது" என்பார். கே தெரு ஏற்றத்தில் கதாநாயகி காதலனோடு பேசிக்கொண்டே ஏறுவதாக ஒரு தடவை எழுதியிருந்தார். தானே ஏறிப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து உரையாடல் முழுவதையும் அடித்துவிட்டார். அந்த நாவலில் கதாநாயகி மேலே போய்ச் சேருகிற வரைக்கும் வாயே திறப்பதில்லை. எத்தனை அழுத்தமான பெண் என்று வாசகிகள் மெச்சினார்கள்.

இப்படி நடந்து நடந்து, அன்றைய ஊரும் இன்றைய ஊரும் அவர் தலைக்குள் சோறும் குழம்புமாகப் பிசைந்துபோய்விட்டன. சுற்றுலாக்காரர்கள் வழி கேட்டால், "குதிரை லாயத்தைத் தாண்டி வலது கைப்பக்கம்" என்பார். அவர்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்து லாயத்தைக் காணோம் என்பார்கள். "அப்படியா? நேத்துகூட இருந்துச்சே" என்று உள்ளபடியே வருத்தப்படுவார்.

கணவர் கிளைவ், முழங்கால் போனதால் வேலையை விட்ட குழாய் ரிப்பேர்காரர். எல்லா நாவலுக்கும் அவர்தான் கதாநாயகன். தெல்மா சொல்கிற மூலையில் நிற்பார், சொன்னதும் நடப்பார். ஒரு நாள் யூனியன் சந்து முனையில் அவரை நிறுத்திவிட்டு, "டியூக்கு கையில சிப்ஸ் பொட்டலம் வெச்சிருக்க மாட்டாரு, கீழ போடு கிளைவ்" என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து தெல்மா அதட்டியதை ஊரே கேட்டது. "டியூக்குக்குப் பசிக்காதா?" என்று இவரும் இந்தக் கோடியிலிருந்து கேட்டார். மனைவியின் நாவலில் ஒரு வரி அவர் படித்ததில்லை. "படிச்சு என்ன ஆகணும்? கடைசியில அவளை நான்தானே கட்டிக்கறேன்" என்பார்.

ஆறாவது நாவலில்தான் வந்தது வினை. ஆயிரத்து எண்ணூற்றுப் பதிமூன்றாம் வருஷம் நடக்கிற கதை. கதாநாயகனான கேப்டன், ஸ்பெயினில் நடக்கிற சண்டைக்குப் புறப்பட்டுப் போகிறான். காதலி லெடிஷியாவிடம் யாருக்கும் தெரியாமல் விடைபெற வேண்டும். ஸ்னோ ஹில்லில் இருக்கும் தெல்மாவின் வீட்டிலிருந்து இறங்கினால் கிளீவ்லாண்ட் பாலம். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் பள்ளிக்கூடம் போகிறார். மூடுபனி அடர்ந்த ஒரு காலையில் கிளைவை அதன்மேல் நடக்கவிட்டு, இந்த முனையில் லெடிஷியாவாக நின்றார். நடுப்பாலத்தில் கிளைவுக்கு முழங்கால் சுரீர் என்றது. தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியின் மேல் வைத்துவிட்டு முழங்காலை நீவினார். பிறகு தொப்பியை மறந்துவிட்டு அப்படியே நடந்து பனிக்குள் மறைந்துபோனார். பாலத்தின் நடுவே அந்தத் தொப்பி தனியாக இருந்தது. தெல்மா தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

அதுதான் நாவலின் உயிர் ஆகிவிட்டது. மதுக்கடையில் கிளைவ் எல்லோரிடமும் சொன்னார்: "மத்ததெல்லாம் அவ எழுதினது. தொப்பி நான் வெச்சது." இத்தனை வருஷம் மூலைமுடுக்கில் எல்லாம் நின்று கால் கடுத்ததற்குக் கிடைத்த ஒரே பங்கு அது.

மாதம் ஒரு தடவை ரீஜன்சி எழுத்துக்காரிகள் மடாலயத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் கூடுவார்கள். ஸ்கோன் ரொட்டியும் க்ரீமும் தின்றபடியே ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கடித்துக் குதறுவது அங்கே வழக்கம். தெல்மா பாலத்துக் காட்சியைப் படித்தார். மேஜையைச் சுற்றி மூக்குறிஞ்சும் சத்தம். பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மார்சியா மட்டும் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"தெல்மா கண்ணு, எந்தப் பாலம்னு சொன்னே?"

"கிளீவ்லாண்ட் பாலம்."

"அதை இருபத்தேழுலதாண்டி திறந்தாங்க."

பதினான்கு வருஷம் பின்னால். தெல்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பாலத்தின் கல்லையும் தூணையும் பார்த்தால் ரோமாபுரிக்காரன் கட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். தினமும் மிதிக்கிற வாசற்படிக்கு யாராவது வயசு கேட்பார்களா? நம் நாவல்களில் டியூக் ஒருவன் தையல்காரியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமாம், பாலம் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு வரக் கூடாதா என்று ஒரு தோழி பரிந்து பேசினாள்.

"டியூக்கு பொய்னு படிக்கறவளுக்குத் தெரியும்" என்றார் மார்சியா. "பாலத்துமேல அவ நேத்துதான் நடந்துட்டு வந்திருப்பா."

நாவல் திங்கட்கிழமை அச்சுக்குப் போக இருந்தது. திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொல்லிப் பதிப்பகத்தார் எழுதியிருந்தார்கள். பாலத்தை விட்டுவைத்தால் படித்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். பாலத்தை எடுத்தால் தொப்பியும் போய்விடும். கிளைவிடம் அதை எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்ட தெல்மாவுக்குப் பாலத்தில் கால் வைக்க முடியவில்லை. பேருந்துகள் போகின்றன, சைக்கிள்கள் போகின்றன, நாய் ஒன்றுகூடப் போகிறது. தன் கால் பட்டால் மட்டும் கீழே ஆறுதான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பி வால்காட் தெரு வழியாக ஊருக்குள் நடந்து, புல்ட்னி பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது உருளைக்கிழங்கு வேகவைக்கிற நேரம் போய்விட்டது. பாலத்தை அடைத்துவிட்டார்களா என்று தலைமைச் சமையல்காரி ஜெனட் கேட்டாள்.

"இல்ல ஜெனட். இன்னும் கட்டல."

ஜெனட் கிளைவுக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை காலை, முட்டையும் ரொட்டியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, என்ன விஷயம் என்று கிளைவ் கேட்டார். தெல்மா சொல்லிவிட்டார். சர்க்கரையே போடாத தேநீரைக் கிளைவ் வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப கேப்டன் எந்த வழியா போவான்?"

"புல்ட்னி பாலம்தான். அதுமேல ரெண்டு பக்கமும் கடை. அவ அழறதுக்கு முன்னாடியே ஊர் பூரா பரவிடும்." தெல்மா முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒண்ணும் புரியல கிளைவ். நான் எந்த ஊர்ல இருக்கேன்னே புரியல."

கிளைவ் எழுந்து தொப்பியை மாட்டினார். "நீ கென்சிங்டன் புல்வெளியில ஆத்தோரமா போய் நில்லு. நான் அந்தக் கரைக்கு வரேன். நடந்து பாத்துடலாம்."

தெல்மா போய் நின்றார். கிளீவ்லாண்ட் பாலத்தைத் தாண்டினால் எதிர்க்கரை கிட்டத்தான். இதோ வந்துவிடுவார் என்று பார்த்தார். வரவில்லை. வாத்துகள் வந்து ரொட்டி கிடைக்காமல் திரும்பிப் போயின. தூறல் பிடித்தது. முழங்கால் மடங்கி எங்கேயாவது விழுந்துகிடக்கிறாரோ? மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாரோ? கோபமாக இருக்குமோ? காத்திருப்பது கிளைவின் பெண்டாட்டியா, லெடிஷியாவா என்றுகூட ஒரு கட்டத்தில் அவருக்குக் குழம்பிவிட்டது.

கடைசியில், எதிர்க்கரைப் படகுத்துறைப் பக்கம் ஓர் உருவம் நொண்டி நொண்டி வந்தது. பாலம் இருக்கிற திசையிலிருந்து அல்ல. ஊர்ப்பக்கத்திலிருந்து. மனுஷர் புல்ட்னி பாலம் வழியாக ஊரையே சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

கிளைவ் தண்ணீர் ஓரத்தில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். வைக்கக் கைப்பிடி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு மெதுவாகக் குனிந்து, தொப்பியைத் தண்ணீரின்மேல் வைத்தார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இழுப்போடு கிளம்பியது. தெல்மா கையை நீட்டினார். எட்டவில்லை. பாலத்துக்கு அடியில் புகுந்து அது போயே போய்விட்டது.

தலை நனைய நின்ற கிளைவைப் பார்த்து, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு தெல்மா கத்தினார்: "போதும் கிளைவ், பாலத்து வழியா வந்துடு!"

"எந்தப் பாலம்?" என்று அந்தக் கரையிலிருந்து குரல் வந்தது.

கிளைவ் திரும்பி, வந்த வழியே ஊர்ப்பக்கம் நொண்டிக்கொண்டே நடந்தார்.

நாவல் வெளிவந்துவிட்டது. அதில் கேப்டனின் தொப்பி ஆற்றோடு போகிறது. லெடிஷியா கை நீட்டுகிறாள், எட்டவில்லை. மார்சியா குற்றம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கிளைவ் புதுத் தொப்பி வாங்கிக்கொண்டார். இருவரும் ஸ்னோ ஹில்லில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தெல்மா அதே பள்ளியில்தான் சமைக்கிறார். காலையில் கிளீவ்லாண்ட் பாலத்தின் முனைக்கு வந்ததும், ஒரு காலை மட்டும் எடுத்து அதன்மேல் வைத்து, நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மறுகாலை எடுத்து வைக்கிறார்.