சரணாகதி பண்ணியாச்சு

சுவிசேஷம் சொல்லாமல் ஒருவரைச் சாகவிட்டால் அவருடைய இரத்தப்பழி நம் தலையில்தான் விழும் என்பது எங்கள் சபையில் அடிக்கடி கேட்கிற பேச்சு. கேட்டு வளர்ந்தேன், நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பாலக்கரையில் கடை கடையாக ஏறிச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்திருக்கிறேன். துவாக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இரட்சிப்பைப் பற்றிப் பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாதவர்களிடம் எனக்குக் கூச்சமே கிடையாது. அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நாமம் இல்லாமல் அவர் நெற்றியை நான் பார்த்ததே இல்லை. என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது லீவு போட்டு வந்து இரத்தம் கொடுத்தார். கிறிஸ்துமஸ் கேக்கை நீட்டினால், "முட்டை இருக்குமே, ஓய்!" என்று சிரிப்பார். அவருக்காக முட்டை போடாத கேக்கைத் தேடி அலைந்து வாங்கத் தெரிந்த எனக்கு, இயேசுவைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று பயம். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற மறுவருஷமே அவருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எங்கள் போதகர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, இனியும் தள்ளிப் போடாதீங்க. போய்ச் சொல்லிருங்க" என்றார்.

போனேன். கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். அவருடைய மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் இருவர்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் முதல் கேள்வி மட்டும் வெளியே வந்தது.

"பயமா இருக்கா சார்?"

"எனக்கென்ன பயம்? நான்தான் எப்பவோ சரணாகதி பண்ணியாச்சே" என்றார். அவருடைய ஆசார்யன் மூலமாகப் பெருமாளின் திருவடியில் தன்னை ஒப்படைத்துவிட்டதைச் சொன்னார். அதைச் சொன்னபோது அந்த மஞ்சள் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. மீதியை விழுங்கிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லார் முன்னாலும் கேட்டார். "போனீங்களா ஐயா? என்ன சொன்னார்?"

"போனேன். சரணடைஞ்சுட்டேன்னு சொன்னார்."

"ஸ்தோத்திரம்!" என்று கை உயர்த்தினார் போதகர். சபை முழுக்கக் கை தட்டியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரிடம் சரணடைந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சபையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அந்த நிமிஷமே மறித்துச் சொல்லியிருக்கலாம். பாராட்டு இனித்தது, கோழைத்தனம் மறைந்தது, சும்மா நின்றேன்.

வியாழக்கிழமை நண்பர் போய்விட்டார். கொள்ளிடக் கரைச் சுடுகாட்டில் கூட்டத்தோடு நின்று அழுதேன். இயேசுவை ஏற்காமல் போனவர்களுக்கு என் விசுவாசம் எந்த இடத்தைச் சொல்கிறதோ, அந்த இடத்தை நினைத்து அழுதேன். அதை அங்கே யாரிடம் சொல்ல முடியும்?

பதின்மூன்றாம் நாள் கழிந்தபின் அவருடைய மனைவி போன் செய்தார். "ஒரு நடை வந்துட்டுப் போங்கோ." குரலே சரியில்லை.

போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் சபைப் பெண்கள் நாலு பேர் ஆறுதல் சொல்ல முந்தின நாள் வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் கடைசியில் எங்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார், பரலோகத்தில் இருக்கிறார், நீங்கள் அழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அவர் பெருமாளை விட்டுட்டாரா? உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா? பிள்ளை பண்ணின காரியமெல்லாம் அவருக்குப் போய்ச் சேராதோன்னு நேத்துலேர்ந்து ஒரு வாய் சாதம் இறங்கலை. மறைக்காம சொல்லுங்கோ."

ஆமாம் என்று நான் சொன்னால் அந்த அம்மா மிச்சமிருக்கிற நாளெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டியதுதான்.

"இல்லம்மா. அவர் பெருமாள்கிட்டதான் சரணாகதின்னு சொன்னார். சபையில அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் திருத்தலை, தப்பு என்னோடது. எங்க சாமியைப் பத்தி நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்க. இத்தனை வருஷத்துல ஒருநாள்கூடப் பேசலை."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"கடைசி வரைக்கும் அவர் மனசைக் கலைக்காம விட்டேளே, இந்த உபகாரத்தை நான் மறக்கவே மாட்டேன். நீங்க நன்னா இருக்கணும்."

என் விசுவாசத்தின்படி அவருடைய கணவருக்கு நான் செய்தது துரோகம். அதற்காகத்தான் அந்த அம்மா என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.