நீலமாகவே வந்த தாள்

மூத்திரத்தின் குணத்தை இரண்டு துண்டுத் தாளை வைத்துச் சொல்லிவிடலாம். புளிப்பு இருந்தால் நீல லிட்மஸ் தாள் சிவக்கும். காரம் இருந்தால் சிவப்புத் தாள் நீலமாகும். மதுரையில் இதைப் படித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் நான் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் வேலையில் எனக்கு இருந்த நம்பிக்கையில் கால்வாசிகூட டாக்டருக்கு இல்லை.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் நீர்க்கடுப்போடு வந்தார். புளிப்பு மிஞ்சிப்போய்க் கல் கட்டியிருக்கும் என்பது டாக்டரின் கணிப்பு. தினமும் காலையில் வீட்டிலிருந்து சீசாவில் பிடித்துவரச் சொன்னார். இரண்டு நாளும் சிவப்புத் தாள் சட்டென்று நீலமாகிவிட்டது. புளிப்பே இல்லாதவருக்குப் புளிப்பை முறிக்கும் மருந்தை எப்படிக் கொடுப்பது? மருந்து கிடைக்காமல் அண்ணாச்சி நெளிந்தார், டாக்டர் என்னை முறைத்தார். தாளைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை, பார்க்கவும் தெரியவில்லை என்று ஆரம்பித்தவர் கடைசியில், "நாளைக்கும் இப்படித்தான்னா நீ நாகலாபுரம் பஸ் ஏறிரு," என்றார்.

நாகலாபுரம் என் ஊர். வேலை போய் வீட்டுக்குப் போனால் மறுவாரமே கழுத்தில் தாலி ஏறிவிடும். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம். அந்த அண்ணாச்சியை மனசுக்குள் எப்படியெல்லாம் ஏசினேன் என்று சொன்னால் நன்றாக இருக்காது.

அதுவரை சீசாவைக் கம்பவுண்டர்தான் வாசலில் வாங்கி, மூடியை எறிந்துவிட்டு என்னிடம் தருவார். மூன்றாம் நாள் நானே போய் வாங்கினேன். மூடி என்று இருந்தது சுருட்டித் திணித்த ஒரு வெற்றிலை. உருவிப் பார்த்தால், அதன் முதுகெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. பாதி கரைந்து சீசாவுக்குள் இறங்கியிருந்தது.

"வெத்தலைன்னு எடுத்தா கை தானா தடவிருதும்மா," என்றார் அண்ணாச்சி. ஒரு பெண்பிள்ளை கைக்குப் போவதை மூடாமல் எப்படிக் கொடுப்பது என்று அவருக்குக் கூச்சமாம்.

ஆஸ்பத்திரிச் சீசா ஒன்றைக் கழுவிக் கொடுத்து அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். இந்த முறை நீலத் தாள் நன்றாகச் சிவந்தது. அதையும் வெற்றிலையையும் கொண்டுபோய் டாக்டரின் மேஜைமேல் வைத்தேன்.

அண்ணாச்சிக்கு அன்றே மருந்து கிடைத்தது. எனக்கு ஒரு நல்ல வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துரு," என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

நான் எட்டரைக்குத்தான் போனேன்.